ஜன்னலோரப் படுக்கைக்கு ஆள் தேவை

வளைகுடா நகரத்தின் தேராப் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தில் ஒரே வீட்டில் அளவுக்கு மீறி ஆட்கள் தங்குவதாக யாரோ நகராட்சிக்குப் புகார் கொடுத்துவிட்டார்களாம். பேச்சு முதலில் சலவைக்கடைக்காரன் காதில் விழுந்தது. அவன் காவலாளி குல்சமானிடம் சொன்னான். குல்சமான் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்து நிறுத்திக்கொண்டு எர்லிண்டாவிடம் சொன்னான்.

"உங்க மாடிதான்னு பேச்சு, சிஸ்டர். உள்ள இருக்கிற ஆளே சொல்லிக்கொடுத்திருக்காம்."

"எந்த வீடு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் வாளியும் தொடப்பமுமா இங்க நிக்கிறேன்?"

எர்லிண்டாவின் கையில் மீன் பை திடீரென்று கனத்தது. அந்த மாடியில் மற்ற வீடுகளிலெல்லாம் குடும்பங்கள். அவளுடைய வீட்டில் மட்டும் கூடத்திலும் அறையிலும் இரட்டை அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு திரை, ஒவ்வொரு திரைக்குப் பின்னும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். வாடகை ஒப்பந்தத்தில் இருந்த பெயரோ ஒன்றுதான், அது அவளுடையது.

ஒப்பந்தத்தில் அந்த இடத்தைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இதே வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், யார் தண்ணீர் எடுக்க வந்தாலும் முகத்தில் வெளிச்சம் அடிக்கும் இடத்தில் வருஷக்கணக்காகப் படுத்தவள் அவள். முன்பு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவள் கனடாவுக்குப் போனபோது ஒப்பந்தம் இவள் பெயருக்கு வந்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் இவள் 'ஆத்தே', அவர்கள் மொழியில் மூத்த அக்கா. பக்கத்து நைஃப் பகுதியில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பகல் முழுக்க "அதை எடு, இதை எடு" என்று விரட்டுவார்கள். இங்கே யார் முதலில் குளிப்பது, யார் சோறு வைப்பது என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல். நகராட்சிச் சோதனைக்காரர்கள் வந்தால் வீடு போகும். மறுபடி யாருடைய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலோ போய்ப் படுக்க வேண்டும்.

அந்த வீட்டுக்குச் சட்டம் ஒன்றுதான், அதைப் போட்டவளும் அவள்தான்: திரை மூடியிருந்தால் அது சுவர். உள்ளே அழுதாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. ஆள் இல்லாதபோது தொடவே கூடாது.

சந்தேகம் ஜினாலின் மேல் போயிற்று. புதிதாக வந்தவள், ஜன்னலோரப் படுக்கை. அரசாங்க விண்ணப்பங்கள் தட்டச்சு செய்யும் கடையில் வேலை. பால்கனியில் நின்று குரலை இறக்கித்தான் போன் பேசுவாள்.

"முந்தாநாள் கூடத்தை போட்டோ எடுத்தா, ஆத்தே," என்றாள் பழைய குடித்தனக்காரி தெசி, மீனை உரசிக்கொண்டே.

"எதுக்காம்?"

"வெளிச்சம் அழகா இருந்துச்சாம். நம்ம கூடத்துல! கரப்பான்கூட தடவிக்கிட்டுத்தான் போகுது."

எர்லிண்டா சிரிக்கவில்லை. ஜினாலின் வேலைக்குப் போனதும் திரையை விலக்கினாள். மடித்த போர்வை, துண்டு, சார்ஜர். தலையணைக்கு அடியில் ஓர் அளவு நாடா. போட்டோ ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம். புகார் கொடுக்க வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் கூடத்தில் வைத்தே கேட்டாள்.

"தலையணைக்கு அடியில நாடா எதுக்கு?"

ஜினாலின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என் திரையைத் திறந்தீங்களா, ஆத்தே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"திறந்தீங்களா, இல்லையா?"

மற்ற திரைகள் ஒன்றும் அசையவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் காது முளைத்திருந்தது.

"மாசம் முடியறதுக்குள்ள வேற இடம் பாத்துக்க."

"மாசம் முடியற வரைக்கும் எதுக்கு," என்று பெட்டியை இழுத்தாள் ஜினாலின். "திறக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." நாடாவையும் எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டாள்.

முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த வாடகைக் காசோலை வங்கிக்குப் போகும் தேதி நெருங்கியது. காலிப் படுக்கையோடு அதைச் சமாளிக்க முடியாது. எப்போதும் செய்வதைத்தான் எர்லிண்டா செய்தாள். மெட்ரோ வாசல் விளக்குக் கம்பத்தில் ஒரு தாளை ஒட்டினாள்: ஜன்னலோரப் படுக்கை, பெண்கள் மட்டும், நம் ஊர்க்காரர்கள் மட்டும். கிழித்துக்கொண்டு போக வசதியாகத் தாளின் அடியில் வரிசையாகத் தன் போன் நம்பர்.

மறுநாள் குல்சமான் மறுபடி லிஃப்டை மறித்தான்.

"புகாரும் இல்ல, ஒண்ணும் இல்ல, சிஸ்டர். சோதனைக்காரங்க கம்பத்துல ஒட்டின தாளைப் பாத்துத்தான் பிடிக்கிறாங்களாம். ஒரு பொம்பள போன் பண்ணி, இடம் இருக்கான்னு தேன் மாதிரி கேக்குதாம். விலாசம் சொன்னீங்கன்னா முடிஞ்சுது கதை."

"இதை யார் சொன்னது?"

"சலவைக்காரன்தான்."

அவள் கம்பத்துக்கு ஓடினாள். தாளைப் பிய்த்துக் கசக்கினாள். ஆனால் அடியில் சில துண்டுகள் ஏற்கெனவே கிழிபட்டிருந்தன.

வீட்டுக்குத் திரும்பியபோது திரைகள் எல்லாம் மூடியிருந்தன. சாப்பிட்டீங்களா என்று யாரும் கேட்கவில்லை. ஜினாலின் போனதிலிருந்து அப்படித்தான். ஒவ்வொருத்தியும் தலையணைக்கு அடியில் இருப்பதையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டத் தொடங்கியிருந்தாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"எடுங்க, ஆத்தே," என்றது திரைக்குப் பின்னாலிருந்து தெசியின் குரல். "படுக்கை கேட்டு யாராவது இருக்கும்."

"ஜினாலினாக்கூட இருக்கலாம்," என்றது மேல்தட்டிலிருந்து இன்னொருத்தியின் குரல்.

தெசிக்கு ஏன் இத்தனை அவசரம் என்று எர்லிண்டா அவளுடைய திரையையே பார்த்தாள். ஜினாலின் போட்டோ எடுத்ததாகச் சொன்னதும் தெசிதான். அந்தப் போட்டோவைத் தான் கண்ணால் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

காலிப் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். எடுத்தால் விலாசம் கேட்கும் அந்தத் தேன் குரலாக இருக்கலாம்; எடுக்காவிட்டால் படுக்கை காலியாகவே கிடக்கும். உள்ளங்கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.