ஆமென் சொன்ன கையோடு திறந்த கதவு

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, என் கார் கதவில் மோதி ஒருவர் ரோட்டில் விழுந்தார். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் எல்லாரும் எனக்காக ஜெபித்தீர்கள். ஆனால் உங்களிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் ஸ்டியரிங்கில் கை வைத்து, கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்வது என் வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்று செம்பாக்கத்தில் மளிகைக் கடை எதிரே ஓரமாக நிறுத்தினேன். ஜெபித்தேன். ஆமென் சொன்ன கையோடு கதவைத் திறந்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த பைக் கதவில் மோதியது.

விழுந்தவர் பெயர் பாஷா. ஊரப்பாக்கத்தில் ஏசி மெக்கானிக். வலது தோள் எலும்பு முறிந்து விரல்கள் மரத்துவிட்டன. கூடிய கூட்டம், "பைக்காரன்தான் வேகமா வந்தான்" என்றது. என் கணவரும், "பார்த்துட்டுதான் திறந்தேன்னு சொல்லிடு. இல்லன்னா கேஸ் உன் மேல வரும்" என்றார். ஸ்டேஷனில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிறகு, கேஸ் வரக்கூடாது ஆண்டவரே என்று உபவாசம் இருந்தேன். பொய்யும் சொல்லிவிட்டு அதற்குக் காவலும் கேட்டிருக்கிறேன், பாருங்கள்! நிம்மதியே இல்லை. கடைசியில் அழுதுகொண்டே, "நான் என்ன செய்யணும், அதைக் காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாஷா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க கண்ண மூடிக்கினு இருந்தத சைடு கண்ணாடில பாத்தேன்க்கா. தூங்குறீங்கன்னு நெனச்சிதான் தைரியமா பக்கத்துல வந்தேன். இப்போ தப்பு என் மேலன்றாங்க. இன்சூரன்ஸ் கெடைக்காதாம்."

"தூங்கலப்பா. ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"அப்டியே எனக்கும் சேத்துப் பண்ணிருக்கலாமேக்கா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேராக ஸ்டேஷனுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. படித்துப் பார்த்து, "கதவத் திறக்கிறவங்கதாம்மா பின்னால பாக்கணும். இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கேஸ் என் மேல் வந்தது. கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். பாஷாவின் நஷ்டஈட்டை என் கார் இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. கேஸ் வந்த அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அதன்பிறகு தினமும் அவருடைய கைக்காக ஜெபித்தேன். போன மாதம் அவரே போன் செய்தார். "அக்கா, ஸ்குரூ டிரைவர் புடிச்சிட்டேன்!" என்றார். சமையலறையிலேயே முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

இன்றும் வண்டியை நிறுத்தியதும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் டிரைவர் பக்கக் கதவை இடது கையால்தான் திறக்கிறேன். அப்போது உடம்பு தானாகவே பின்னால் திரும்பும். நீங்களும் பயத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து உண்மையைச் சொல்லுங்கள், அவர் கைவிடமாட்டார். நம்மை அவர் பார்த்துக்கொள்வார். பின்னால் வருகிறவரை நாம்தான் பார்க்க வேண்டும்.