கல்யாணத்துக்கு முன்னே மீனா உள்ளே வந்தாள்

மூத்த பேரன் கோலாலம்பூர் பங்சாரில் வக்கீல். நடுப்பேத்தி கிள்ளானில் டாக்டர். கம்ப்யூட்டர் படித்த சின்னவள் கவிதா எங்கள் குடும்பப் படங்களுக்கு வெப்சைட் செய்திருக்கிறாள். டைரக்டரி என்ற குடும்பப் பெயர்ப்பட்டியலில் பெயர் இருந்தால்தான் சர்வர் உள்ளே விடும்.

இன்று பேரனுக்கு நிச்சயித்த மீனா போனில் கூப்பிட்டாள்.

"பாட்டி, என்னை உள்ள விட மாட்டேங்குது லா."

கவிதாவைக் கேட்டேன்.

"டைரக்டரியில அண்ணி பேரு இல்ல பாட்டி. கல்யாணம் முடியட்டும்னு அப்பா சொன்னாரு."

"பேரு சேர்க்கத் தாலி எதுக்கு? இப்பவே போடு. உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சேர்த்தாள்.

"'வாங்க மீனா'ன்னு வருது பாட்டி" என்று மீனா மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள்.

என் மகன் இன்னும் பார்க்கவில்லை, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மீனா கண்ணு, அந்த வெப்சைட்டில் உன் படம் ஒன்றுகூட இல்லை. புதிதாக ஒன்று எடுத்துப் போடம்மா.