எண்ணெய் போட்ட சக்கரம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்பு, பேளுக்குறிச்சிச் சந்தையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மிதி லேத்து ஒன்றை, காலால் மிதித்து ஓட்டுவதை, வாங்கினேன். மலைமேல் இருந்த என் வீட்டுப் பட்டறையில் இரும்பு கடைய அது வேண்டியிருந்தது. அடிவாரத்திலேயே தங்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைச் சுரண்டினேன். கல்லாய் இறுகியிருந்த அதன் பெரிய சக்கரம், எண்ணெய் போட்டதும் விரல் பட்டாலே சுழன்றது.

மலைக்கு அப்போது ஒற்றையடிப் பாதைதான். மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டுக்காரர்கள் நான்கு பேர் லேத்தை மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள்.

“கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தன எண்ணெ வெக்க மாட்டாங்க சாமி” என்று சிரித்தார் அவர்களில் மூத்தவர். பிறகு, “அந்தச் சக்கரத்தக் கழட்டிக் குடுத்துருங்க. தனியாத் தூக்கிக்கறோம்” என்றார்.

கழற்றினால் மறுபடி சரியாகப் பொருந்தாதோ என்று பயந்து மறுத்துவிட்டேன். கயிற்றால் அதை அசையாமல் கட்டவும் எனக்குத் தோன்றவில்லை.

செங்குத்தான ஏற்றத்தில் லேத்து சாய்ந்தது. சக்கரம் தானாகச் சுழன்று, பக்கத்தில் தாங்கிப் பிடித்திருந்த மூத்தவரின் கையைச் சட்டத்தோடு சேர்த்து நெரித்தது. அவர் அலறினார். ஒரு பக்கம் பள்ளம். எனக்குக் கை கால் உதறியது.

“கீழே போட்டுடாதீங்க!” என்று கத்தினேன்.

அவர்கள் போடவில்லை. லேத்தை மெதுவாக இறக்கிவைத்த பிறகுதான் அவர் கையை விடுவித்தார்கள். விரல்கள் நசுங்கியிருந்தன.

“மிஷினுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?” என்றார் அவர்.

நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய கையைப் பார்த்தேன். அந்த ஏற்றத்தில் அவ்வளவு நடுங்கினேனே, அந்த நடுக்கம் அவருக்காக இல்லை.