இட்லிக் கொப்பரையும் மொட்டைமாடி ஃபேனும்

மும்பை தாராவியின் அந்தப் புது பில்டிங்கில் பொன்செல்விக்குத் தரைத் தளத்தில் வீடு. விடியுமுன்னே அவள் அடுப்பில் இட்லிக் கொப்பரை ஏறிவிடும். சயான் ஸ்டேஷன் பக்கம் சைக்கிளில் விற்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வரும்படியில்தான்.

பில்டர் மொட்டைமாடியில் ஒரு ஃபேன் வைத்திருந்தான். எல்லா வீட்டு ஈரக்காற்றையும் குழாய் வழியாக இழுத்து வெளியே தள்ளும். கரண்டை மிச்சம் பிடிக்கிற சாமான் என்பதால் சும்மா ஓடாது, ஈரம் கூடினால்தான் ஓடும். பொன்செல்வி கொப்பரையைத் திறந்தால் போதும், மேலே பேய் பிடித்த மாதிரி அலறிக்கொண்டு சுற்றும்.

ஃபேனுக்கு நேர் கீழே, கடைசி மாடியில், பில்டிங் சொசைட்டியின் செக்ரட்டரி கோமதிநாயகம். தூக்கம் கெட்ட கோபத்தில் ஒருநாள் வாசனை பிடித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டார்.

"வீட்டுல யாவாரம் பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்குல்லா? இன்னையோட நிறுத்து."

"நேத்து சட்னி பத்தலன்னு திரும்பக் கேட்டு வாங்குனியள அண்ணாச்சி, அப்ப ரூல் எங்க போச்சு?"

"அது வேற, இது வேற."

பொன்செல்வி அடுப்பை அணைத்தாள். கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்தாள். சைக்கிள்காரர்கள் வேறு வீடு தேடிப் போனார்கள். செக்ரட்டரி குறட்டை விட்டுத் தூங்கினார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. எந்த வீட்டிலும் துணி காயவில்லை. சுவரெல்லாம் கறுத்தது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு செக்ரட்டரி எடுத்து வைத்திருந்த பட்டுச்சட்டையில் பூஞ்சை பூத்தது. அவர் அலறியடித்து ஃபேன் மெக்கானிக் சாஹிலைக் கூப்பிட்டார். அவன் நேரே பொன்செல்வியின் அடுக்களைக்குப் போய், சுவரில் இருந்த ஒரு சின்ன டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"ஃபேன் ஏக்தம் டீக் ஹை, சாப், நல்லாத்தான் இருக்கு. ஈரம் பாக்குற சென்சார் மொத்த பில்டிங்குக்கும் இது ஒண்ணுதான். பில்டர் காசு மிச்சம் பண்ணிட்டான். இந்த ஆன்ட்டி வீட்ல இப்ப ஆவி இல்ல, மழை ஈரம் மட்டும் இதுக்குப் பத்தாது, அதான் ஃபேன் ஓடல. மாடிக்கு ஒண்ணு வைக்கணும்னா மழை முடியணும்."

பொன்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செக்ரட்டரி கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"தங்கச்சி... நாளையில இருந்து கொப்பரைய ஏத்தேன்."

"ஐயய்யோ, ரூலு அண்ணாச்சி!"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

"வாயால சொன்னா ஆச்சா? போர்டுல எழுதிப் போடுங்க."

லிஃப்ட் பக்கத்தில் அன்றே நோட்டீஸ் ஏறியது: 'காற்றோட்டப் பராமரிப்பு: பொன்செல்வி, தரைத் தளம். அவர் வேலைக்கு யாரும் இடைஞ்சல் செய்யக் கூடாது.'

மறுநாள் விடியுமுன் ஃபேன் அலறியது. மேலே செக்ரட்டரி தலையணையால் காதைப் பொத்திக்கொண்டார். கீழே பொன்செல்வி ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாள். பில்டிங்கில் ஈரம் ஜாஸ்திதான் என்று சொல்லிக்கொண்டு, இன்னொரு கொப்பரையையும் அடுப்பில் ஏற்றினாள்.