குப்பை போடக் கூடாத குப்பைத் தாங்கி

போன சனிக்கிழமை குப்பை போடப் போய்த் திட்டு வாங்கினேன். தெருவில் போட்டதற்கு அல்ல — குப்பைக்கென்றே கட்டிய தாங்கியில் போடப் போனதற்கு!

கட்டுகஸ்தோட்டைப் பக்கம், எங்கள் மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் போன வருடம் அந்தப் பயோகேஸ் தொட்டியைக் கட்டினார்கள். அழுகிய மரக்கறியை உள்ளே போட்டால் கேஸ் வரும், அதில் சந்தைக் கென்டீன் அடுப்பு எரியும் என்றார்கள். சரி, நம் பங்குக்கு என்று வீட்டில் அழுகிய பப்பாசியைப் பையில் கட்டிக்கொண்டு போனேன். மூடியில் கை வைத்ததுதான் தாமதம், காவலாளி நசீர் நானா ஓடி வந்தார்.

"அதுக்குள்ள குப்பை போட வாணாம் மிஸ்! நாறும். பாக்க வாறவங்க என்ன சொல்லுவாங்க?"

குப்பைத் தாங்கி நாறாமல், பிறகு என்ன, சந்தனமா மணக்கும்? பச்சைப் பெயின்ட் அடித்து, சுற்றிலும் பூச்சாடி வேறு! பையோடு நேரே கென்டீனுக்குப் போனேன்.

கென்டீனை நடத்துபவர் மேரி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஆஸ்துமாக்காரர். புகைப் பக்கமே போகாதே என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் சிலிண்டர் விற்கும் விலைக்குத் தினமும் கேஸில் சமைக்க முடியுமா? விறகடுப்பின் முன் கண்ணைத் துடைத்தபடி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாங்கியைத்தான் நம்பியிருந்தார்.

"கேஸ் வரலையா மேரி?"

"எங்கங்க மிஸ் வரும்? அதுக்குள்ள இன்னும் ஒரு கூடை சாணிகூடப் போடலையே."

முதலில் சாணி போட வேண்டும். அதோடு கழிவும் சேர்ந்து புளித்து, கேஸ் வரச் சில வாரம் பிடிக்கும். ஆனால் திறப்பு விழாவின் சுபநேரம் அதற்குள் வந்துவிட்டது. பிரதம விருந்தாளியின் மூக்கு நோகக் கூடாதே... சாணியைப் பிறகு போடலாம் என்று விட்டார்கள். அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை.

ஆனால் அன்றைக்கு அடுப்பு எரிந்ததே! பானையில் பால் பொங்கி வழிந்ததே! நானும் கை தட்டினேனே!

"அது என்னோட சிலிண்டருங்க மிஸ். செவத்துக்குப் பின்னால வச்சு டியூப் இழுத்தாங்க."

மேரிக்குக் கேஸ் தருகிறோம் என்று சொல்லி, மேரியின் கேஸையே எரித்துக் காட்டியிருக்கிறார்கள். இவர்களுக்கு வெட்கமே கிடையாதா?

சந்தைக் கழிவெல்லாம் இன்னும் டிரக்டரில் ஏறிக் குப்பை மேட்டுக்குத்தான் போகிறது. அங்கே அதே கேஸ் யாருக்கும் உதவாமல் கசிந்து, சில நாள் தானே பற்றிப் புகைகிறது. இங்கே ஒரு பெண் விறகுப் புகையில் மூச்சு வாங்குகிறாள். நமக்குத் திறந்து வைக்க மட்டும்தான் தெரியும். பலகையில் பெயர் பொறித்தாயிற்று, படம் பிடித்தாயிற்று — இனி அது ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

இன்னும் கேளுங்கள். அடுத்த மாதம் வேறொரு பெரியவர் பார்வையிட வருகிறாராம். மறுபடியும் பால் பொங்க வேண்டுமாம். மறுபடியும் மேரியிடம் சிலிண்டர் கேட்டிருக்கிறார்கள்!

"முடியாதுன்னு சொல்லுங்க மேரி!" கத்தியே விட்டேன்.

"தாறேன்னு சொல்லிட்டேங்க மிஸ்." இருமலுக்கு நடுவே சிரித்தார். "காலி சிலிண்டர."

அன்று முன்வரிசையில் நான் இருப்பேன் — பப்பாசிப் பையோடு.