விபிதியா அத்தை கைவைத்த ஓட்டை

விபிதியா என் அப்பாவுக்குச் சின்னம்மா மகள். எனக்கு அத்தை முறை. ரோமாபுரியில் எஸ்குவிலின் மேட்டில் அவள் புருஷன் சால்வியுஸ் சலவைக்கடை வைத்திருந்தார். மலையிலிருந்து கல்வளைவுகளின் மேல் கட்டிய கால்வாயில் வரும் தண்ணீர், மேட்டிலிருந்த தலைத்தொட்டியில் விழும். அதில் ஓட்டை போட்டுச் செருகிய ஈயக்குழாய் நேரே கடைக்கு வந்தது.

சால்வியுஸ் செத்தார். துக்கத்துக்கு வேகவைத்த பயறு சட்டியில் இருக்கும்போதே தண்ணீர்க்காரன் தெர்த்துல்லுஸ் வந்து குழாயை வெட்டினான். பேரரசர் கொடுக்கும் தண்ணீர் உரிமை வாங்கிய ஆளோடு முடிந்துவிடும், பெண்டாட்டிக்கு வராது; அவள் தன் பெயரில் புதிதாக மனுப் போட வேண்டும். சட்டம் அது. அதற்கு அத்தை கோபப்படவில்லை. அடுத்து அவன் சொன்னதற்குத்தான் கோபம்.

"மனுவெல்லாம் எதுக்குக்கா? தெருவுக்கடியில யாருக்கும் தெரியாம ஒரு குழாய் இழுத்து விடறேன். மாசாமாசம் என்னைக் கவனிச்சுக்கிட்டாப் போதும்."

"உன்னைக் கவனிக்கிறது உங்கம்மா வேலை. எனக்குத் துணி கிடக்கு."

மனுப் போட்டாள். பதில் வரும்வரை நாத்தனார்களோடு, தலைத்தொட்டியிலிருந்தே நிரம்பும் தெருத்தொட்டியில் குடம் குடமாக மொண்டாள். குடத்தில் மொள்ளுவதை யாரும் தடுக்க முடியாது. அழுக்கெடுக்கும் பழைய மூத்திரத்தில் வெடித்த கைகள் குளிரில் ரத்தம் கசிந்தன. வாடிக்கை பாதி போயிற்று. போதாக்குறைக்குத் தெருத்தொட்டியில் தண்ணீரும் குறைய, தெருப்பெண்கள் அத்தையைத்தான் ஏசினார்கள்.

ஒருவழியாக அவள் பெயரிலேயே அனுமதி வந்தது. புதுக்குழாயோடு தலைத்தொட்டிக்குப் போனாள். தெர்த்துல்லுஸ் உளியை எடுத்துப் புது ஓட்டை குடைய ஆரம்பித்தான். அத்தை பழைய ஓட்டையைத் தேடினாள். அதில் குளியல்கடைக்காரன் பெயர் பொறித்த குழாய் செருகியிருந்தது. அவள் ஓட்டையை விற்றுவிட்டு, அவளுக்கே இன்னொன்று போடப் பார்க்கிறான். தெருத்தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் இந்தக் குழாயால்தான்; இரண்டும் ஓடினால் அது வற்றியே விடும்.

அத்தை அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். பீறிட்ட தண்ணீர் முகத்தில் அடிக்க, ஓட்டைக்குள் முஷ்டியைத் திணித்தாள்.

"கையை எடுக்கா, விறைச்சுப் போயிடும்" என்றான் தெர்த்துல்லுஸ்.

"மூத்திரத்துல வெந்த கைடா இது. என் குழாயை நீ இதுல வைக்கிறவரைக்கும் இங்கேதான் இருக்கும்."

சேதி கேட்டு, ஏசிய பெண்களே குடத்தை வைத்துவிட்டு மேலே வந்தார்கள். அவனைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான்.

தெர்த்துல்லுஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் குழாயை ஒட்ட ஈயம் உருக்க உட்கார்ந்தான்.