வெள்ளக் கறைக்கு ஓர் ஏர்பிரஷ்

விமான மாடல்களுக்குக் காற்றால் பெயிண்ட் தூவும் முதல் ஏர்பிரஷ் வாங்குவதற்கே, அரசாங்க டெண்டர்போல மூன்று மாதம் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டவன் நான். தி. நகர் கடையில் எனக்கு முன்னால் காக்கிச் சட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் நின்றிருந்தார். அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கம்மி வெலைல எது சார் நல்லாக்கீது?" என்று என்னிடம் கேட்டார்.

"எதுக்கு அடிக்கப் போறீங்க?"

கையிலிருந்த துணிப்பையிலிருந்து அட்டையில் செய்த சின்ன வீட்டை எடுத்தார். கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இடிக்கப்பட்ட தன் வீடு என்றார்.

"செவுத்துல வெள்ளம் வந்து நின்ன கறைய அடிக்கணும் சார். பிரஷ்ல அடிச்சா கோடு மாரி நிக்குது. நெசக் கறை மேல போவப் போவ மங்கிக்கினே போவும்."

"சுத்தமா வெள்ளையடிச்சு வைக்கலாமே. கறை எதுக்கு?"

"கறை இல்லன்னா நம்ம ஊடுன்னு எங்கம்மா நம்பாது சார். எங்கள ஊருக்கு வெளிய கொண்டுபோய் வுட்டதுலேர்ந்து, எப்ப ஊட்டுக்குப் போலாம்னே கேட்டுக்கினுகீது."

பட்டியலின் கடைசியில் இருந்த மலிவான ஒன்றைக் காட்டினேன். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்; மெல்ல விட்டால் நிறம் மங்கும். வாங்கிப் போனார். நானும் அதையே வாங்கினேன்.

எல்லாவற்றுக்கும் பட்டியல் போடும் எனக்கு, அந்த அம்மா நம்பினாரா என்று அறிய மட்டும் ஒரு வழியும் தெரியவில்லை.